ஊசியை நிறுத்துமுன் காலில் வலு சேருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"எனக்கு வயது 61. உயரம் 157 செ.மீ. போன வருஷம் 88 கிலோ இருந்தேன். பதினோரு மாதமாக வாரம் ஒரு முறை எடை குறைக்கும் செமக்ளூட்டைடு ஊசி, இப்போது 1.7 மில்லிகிராம். எடை 76 கிலோவுக்கு வந்துவிட்டது. எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை அளவு) 6.3 இருந்தது, இப்போது 5.7. பிரஷருக்கு எனலாப்ரில், ஹைட்ரோகுளோரோதயஸைடு இரண்டும் சாப்பிடுகிறேன். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) ஊசிக்குப் பணம் தர மறுத்துவிட்டது, மகள்தான் கட்டுகிறாள். அவளுக்கு இனிப் பாரமாக இருக்க மனசில்லை. தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருப்பேன், அந்தச் சாக்கில் ஊசியையும் விட்டுவிடலாமா? என் நாத்தனார் நிறுத்தினாள், எட்டு மாதத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. எனக்கும் அப்படித்தானா? தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. கோயில் படி ஏறினால் கால் சோர்ந்துவிடுகிறது. தங்கை மகள் ஒரு அழகு நிலையத்திலிருந்து மலிவாக இதே மருந்தைக் குப்பியில் வாங்கித் தருகிறேன் என்கிறாள். வாங்கலாமா?"

அன்புள்ள அம்மா,

காவடியோடு சேர்த்து ஊசியை நிறுத்தாதீர்கள். குப்பி மருந்தை வாங்காதீர்கள். இந்த இரண்டுக்கும் பதில் தெளிவானது. ஊசியை எப்போதுமே நிறுத்த முடியாதா என்பதற்குப் பதில் சற்று நீளமானது. அதற்குள் உங்கள் கால் சோர்வும் வருகிறது.

முதலில் நாத்தனாரைப் பற்றி. அவர் மனவுறுதி இல்லாதவர் என்று வீட்டில் யாராவது பேசினால் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். அவருக்கு நடந்ததுதான் ஆய்வுகளிலும் பெரும்பாலானவர்களுக்கு நடந்தது. செமக்ளூட்டைடை 68 வாரம் போட்டுச் சராசரியாக 17.3% எடை குறைந்தவர்களை, மருந்தையும் ஆலோசனையையும் நிறுத்திய பிறகு ஒரு வருஷம் பின்தொடர்ந்தார்கள். குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. இறங்கியிருந்த பிரஷரும் பழைய இடத்துக்கே போயிருந்தது. இன்னொரு ஆய்வில் எல்லாருக்கும் 20 வாரம் ஊசி போட்டு, பிறகு ஒரு பகுதியினருக்கு மட்டும் அவர்கள் அறியாமலே மருந்தில்லாத வெறும் ஊசியாக மாற்றினார்கள். அடுத்த 48 வாரத்தில் மருந்து தொடர்ந்தவர்களுக்கு இன்னும் 7.9% குறைந்தது, மாற்றப்பட்டவர்களுக்கு 6.9% கூடியது. டிர்செபடைடு (மௌஞ்சாரோ) ஊசியிலும் இதே கதைதான். 36 வாரத்தில் 20.9% குறைந்த பிறகு நிறுத்தியவர்களுக்கு, ஒரு வருஷத்தில் 14% திரும்பியது.

உங்கள் கணக்கில் சொன்னால், நீங்கள் இழந்தது 12 கிலோ. சராசரிப்படி நடந்தால், இன்று நிறுத்தி ஒரு வருஷத்தில் 84 கிலோவுக்கு அருகில் நிற்பீர்கள். சராசரி என்பது விதி அல்ல. சிலருக்கு குறைவாகத் திரும்புகிறது. ஆனால் "நான் மட்டும் தப்பித்துவிடுவேன்" என்று நம்பி முடிவெடுக்கக்கூடாது.

ஏன் இப்படி? உடல் பருமன் குறைந்தாலும் உடம்பு பழைய எடையை மறப்பதில்லை. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், 50 பேர் பத்து வாரம் கடும் பத்தியம் இருந்து எடை குறைத்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் பசியைத் தூண்டும் கிரெலின் உயர்ந்தே இருந்தது, 'போதும்' என்று சொல்லும் லெப்டின் தாழ்ந்தே இருந்தது. ஊசி அந்தப் பசியை மூளையில் அடக்கி வைக்கிறது. நோயைக் குணமாக்கிவிட்டுப் போவதில்லை. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறுவதை நாம் தோல்வி என்று சொல்வதில்லை அல்லவா? 2025 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும் இந்த மருந்துகளை, உணவு, உடற்பயிற்சி ஆலோசனைகளோடு சேர்ந்த நீண்டகாலச் சிகிச்சையாகத்தான் பார்க்கிறது.

நிறுத்துகிறவர்களை ஏமாற்றும் ஒரு விஷயம் இருக்கிறது. செமக்ளூட்டைடு உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். முழுக்க வெளியேற ஐந்து வாரம் அல்லது அதற்கு மேலும் பிடிக்கும். அதனால் நிறுத்திய முதல் மாதம் ஒன்றும் தெரியாது. "பார்த்தாயா, ஊசி இல்லாமலே சமாளிக்கிறேன்" என்று சந்தோஷப்படுவார்கள். ஆறாவது, எட்டாவது வாரத்தில் இரவு பத்து மணிக்கு ரொட்டியின் நினைவு வரத் தொடங்கும். அப்போது டாக்டரும் பக்கத்தில் இல்லை, எடை பார்க்கும் பழக்கமும் போயிருக்கும்.

இனி கால் சோர்வு. இதைத்தான் உங்கள் கடிதத்தில் மிக முக்கியமானதாகப் பார்க்கிறேன்.

எடை குறையும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை. செமக்ளூட்டைடின் முதல் பெரிய ஆய்வில் 140 பேருக்கு உடல் ஸ்கேன் எடுத்தார்கள். குறைந்த எடையில் ஏறத்தாழ 40% கொழுப்பு அல்லாத பகுதி. அதில் நீரும் உண்டு, தசையும் உண்டு. டிர்செபடைடு ஆய்வில் அது 25% அளவில் இருந்தது. உங்கள் 12 கிலோவில் மூன்று முதல் ஐந்து கிலோ வரை அப்படிப் போயிருக்கலாம். இந்திய வம்சாவளியினருக்கு அதே எடையுள்ள ஐரோப்பியரைவிட ஆரம்பத்திலேயே தசை குறைவு, கொழுப்பு அதிகம். 61 வயதில் இந்த இழப்பு படிக்கட்டில் தெரியும்.

இதைவிட மோசமானது திரும்பி வரும் எடை. மாதவிடாய் நின்ற பெண்களிடம் செய்த ஓர் ஆய்வில், 1 கிலோ கொழுப்பு குறைந்தபோது கூடவே 260 கிராம் தசைப்பகுதி போனது. எடை திரும்பியபோது 1 கிலோ கொழுப்புக்கு 120 கிராம்தான் மீண்டது. அதாவது 84 கிலோவுக்குத் திரும்பும் நீங்கள், முன்பு 84 கிலோவில் இருந்த அதே ஆள் இல்லை. எடை அதுவே, ஆனால் கால் பலம் குறைந்தவர். நிறுத்தி, திரும்பத் தொடங்கி, மறுபடி நிறுத்தினால் ஒவ்வொரு சுற்றிலும் இது நடக்கும். அதனால்தான் நிறுத்துவதற்கு முன் மூன்று மாதமாவது தசையைச் சேர்க்கச் சொல்கிறேன்.

கோபன்ஹேகனில் செய்த ஓர் ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. எட்டு வாரப் பத்தியத்தில் சராசரியாக 13 கிலோ குறைந்த 195 பேரை நான்காகப் பிரித்தார்கள். சிலருக்கு இதே வகையைச் சேர்ந்த லிராக்ளூட்டைடு ஊசி, சிலருக்குப் பயிற்சியாளர் கண்காணிப்பில் உடற்பயிற்சி, சிலருக்கு இரண்டும், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. ஒரு வருஷம் கழித்து எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். அடுத்த வருஷத்தில், லிராக்ளூட்டைடு மட்டும் போட்டிருந்தவர்களுக்கு உடற்பயிற்சிக் குழுவைவிட ஏறத்தாழ 6 கிலோ கூடுதலாகத் திரும்பியது. ஊசியோடு பயிற்சியும் செய்தவர்கள், அந்த மருந்து மட்டும் போட்டவர்களைவிட நன்றாகத் தாங்கினார்கள்.

உங்கள் கால் எங்கே நிற்கிறது என்று இன்றே பாருங்கள். கைப்பிடி இல்லாத சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை, இருக்கை உயரம் சுமார் 43 செ.மீ., சுவரோடு ஒட்டி வையுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டுங்கள். மகளிடம் போனில் 30 விநாடி வைக்கச் சொல்லுங்கள். முழுவதும் எழுந்து நின்று, முழுவதும் உட்காருவது ஒன்று. 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே வந்தால் கால் வலு குறைவு, விழும் ஆபத்து அதிகம். கையை ஊன்றித்தான் எழ முடிந்தால் எண்ணிக்கை பூஜ்ஜியம். வரும் எண்ணைக் காலண்டரில் எழுதுங்கள்.

பயிற்சியும் அதே நாற்காலிதான். வாரம் மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. எட்டு முறை எழுந்து உட்கார்வது, ஒரு நிமிஷம் மூச்சு வாங்கி மறுபடி, மொத்தம் மூன்று சுற்று. எல்லாரும் செய்யும் தப்பு, எழுந்துவிட்டு 'தொப்'பென்று விழுவது. இறங்கும்போது மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். பாதி வேலை அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. முட்டி வலித்தால் இருக்கையில் கம்பளியை மடித்துப் போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள். பன்னிரண்டு முறை சுலபமாக வந்துவிட்டால் 2 லிட்டர் தண்ணீர் போத்தலை மார்போடு அணைத்துக்கொண்டு எட்டிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அதோடு சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, வீட்டு வாசல் முதல் படியில் ஏறி இறங்குவது, இரண்டும் அதே கணக்கு. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாக இருந்தால் தசைக்குச் செய்தி போகவில்லை. சாட்ஸ்வொர்த் மேட்டில் நடப்பது இதயத்துக்கு நல்லது, விடாதீர்கள். ஆனால் நடை மட்டும் போன தசையைத் திரும்பக் கொண்டுவராது.

சாப்பாட்டில் உங்களுக்கு நாளுக்கு 80 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். பிரஷர் உள்ளவர் என்பதால், முதலில் கிரியாட்டினின் பார்த்துச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஊசி போடுகிறவர்களுக்கு வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும். தட்டில் சோறு முதலில் போனால் புரதத்துக்கு இடம் இருக்காது. அதனால் கறியும் பருப்பும் முதல், சோறு கடைசி. காலையில் இரண்டு முட்டையும் ஒரு கப் மாஸும் (புளித்த பால்) சுமார் 20 கிராம். மதியம் எலும்பு நீக்கிய கோழி உள்ளங்கை அளவு 25 கிராம், வேகவைத்த சுகர் பீன்ஸ் ஒரு கப் 15 கிராம். இரவு 400 கிராம் பில்ச்சட் மீன் டின்னில் பாதி, ஏறத்தாழ 30 கிராம். இதில் ஒன்றும் விலை உயர்ந்தது இல்லை.

பருப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் வீட்டுப் பருப்பு நீர்த்தது. 200 கிராம் பருப்பில் 48 கிராம் புரதம் இருக்கிறது, உண்மைதான். அதை ஐந்து பேருக்குத் தண்ணீர் விட்டுக் கரைத்தால் ஒருவருக்குப் பத்துக்கும் குறைவு. "நான் தினமும் பருப்புச் சாப்பிடுகிறேன், புரதத்துக்குக் குறைவில்லை" என்று நினைக்கும் இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். அதேபோல் வெள்ளிக்கிழமை கால் பங்கு பன்னி சாவ் (குடைந்த ரொட்டிக்குள் கறி) வாங்கினால், உள்ளிருக்கும் கறியையும் பீன்ஸையும் சாப்பிட்டுவிட்டு ரொட்டிக் கூட்டில் பாதியை விட்டுவிடுங்கள். அந்தக் கூடு மட்டும் 400 கலோரி வரும். பாக்கெட்டில் கிலோஜூல் என்றுதான் போட்டிருப்பார்கள், 4.2-ஆல் வகுத்தால் கலோரி.

முடி கொட்டுவது வேகமாக எடை குறைந்ததன் எதிரொலி. உடம்புக்கு அதிர்ச்சி வந்தால் இரண்டு முதல் நான்கு மாதம் கழித்து முடி ஒட்டுமொத்தமாக ஓய்வுக்குப் போய் உதிரும். எடை நிலைத்து, புரதம் சேர்ந்தால் ஆறு மாதத்தில் பெரும்பாலும் திரும்பிவிடும். இரும்புச் சத்துக்கு ஃபெரிட்டின், தைராய்டுக்கு டிஎஸ்எச், பிறகு பி12, மூன்றையும் ஒரு தடவை பாருங்கள். முடி மாத்திரைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

இப்போது காவடி. விரதத்தை நான் தடுக்கவில்லை. பத்து நாள் சைவம் இருப்பது ஊசியோடு ஒத்துப்போகும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. டர்பனில் தைப்பூசம் நடுக் கோடையில் வருகிறது. ஊசி தாகத்தையும் பசியையும் குறைக்கிறது. ஹைட்ரோகுளோரோதயஸைடு நீரை வெளியேற்றுகிறது. எனலாப்ரில் உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்தின் தற்காப்பைத் தளர்த்துகிறது. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் காவடி தூக்கினால் மூன்றும் ஒரே பக்கம் இழுக்கும். மயக்கம் வரும், சிறுநீரகம் அடிபடும். அதனால் விரதம் தொடங்க இரண்டு வாரம் முன்பே டாக்டரிடம் போய், காவடி நாளன்றும், வாந்தி பேதி வந்தாலும் இந்த இரண்டு மாத்திரையை என்ன செய்வது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். எடை குறைந்ததால் பிரஷரே இறங்கியிருக்கக்கூடும். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து ஒரு அளவு, எழுந்து நின்று ஒரு நிமிஷத்திலும் மூன்றாம் நிமிஷத்திலும் ஒவ்வொன்று பாருங்கள். மேல் எண் 20 இறங்கினால் மாத்திரை அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

தண்ணீர் இல்லாத விரதம் வேண்டாம். முருகன் பக்திக்குக் குறைவு வராது. ஊசியை வழக்கமான நாளிலேயே போடுங்கள். அந்த மாதத்தில் அளவை மட்டும் கூட்டாதீர்கள். விரத நாளில் முட்டையும் கோழியும் மீனும் போய்விடுவதால் 90 கிராம் சட்டென்று 30-க்கும் கீழே இறங்கிவிடும். இரண்டு கப் பீன்ஸ் 30 கிராம், அரை லிட்டர் மாஸ் 16 கிராம், 100 கிராம் பன்னீர் 18 கிராம். உலர்ந்த சோயா மின்ஸ் 50 கிராமில் 25 கிராம் புரதம் உண்டு. கறி போலிருக்கிறது என்று விரதத்தில் அதைத் தொடாதவர்கள் கெட்டிப் பருப்பை இன்னொரு கிண்ணம் சேர்க்கலாம். விரதம் முடித்து ஒரே வேளையில் வடையும் பாயசமும் அப்பளமும் சாப்பிடுவதுதான் வாந்தியில் முடியும். ஊசி வயிற்றை மெதுவாகக் காலியாக்குகிறது. எண்ணெய்ப் பலகாரம் மணிக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். மேல் வயிற்றில் விடாத வலி முதுகுக்குப் பரவி வாந்தியும் வந்தாலோ, வலப்பக்க விலாவுக்குக் கீழே வலியோடு காய்ச்சலோ கண் மஞ்சளோ வந்தாலோ, எட்டு மணி நேரம் சிறுநீர் வராவிட்டாலோ, அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும். கணையமும் பித்தக்கல்லும் காத்திருக்காது.

பணம் விஷயத்துக்கு வருவோம். மகளுக்குப் பாரம் என்ற உங்கள் வருத்தம் நியாயமானது. அதற்கு 'முழு அளவு' அல்லது 'ஒன்றுமில்லை' என்ற இரண்டே வழி இல்லை. எடை நிலைத்த பிறகு பலருக்குக் குறைந்த அளவே போதுமாகிறது. தென்னாப்பிரிக்காவில் சிங்கிள் எக்ஸிட் பிரைஸ் சட்டத்தால் கம்பெனி விலை எல்லா மருந்துக்கடையிலும் ஒன்றுதான். கடைக்காரர் கட்டணம் மட்டுமே மாறும். ஆகவே கடை கடையாக அலைவதைவிட, 1.7, 1.0, 0.5 என்று ஒவ்வொரு ஊசிப் பேனாவின் விலையையும் எழுதி வாங்கி டாக்டரிடம் காட்டுங்கள். பேனாவில் கிளிக் எண்ணிப் பாதி பாதியாகப் போடும் வேலை வேண்டாம்.

மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு, நாற்காலி எண் ஏறியிருந்தால், டாக்டர் மேற்பார்வையில் ஒரு படி இறங்குங்கள்: 1.7-இலிருந்து 1.0. அங்கே எட்டு வாரம் நில்லுங்கள். நான்கு வாரத்தில் பழைய அளவின் மிச்சம் இன்னும் இரத்தத்தில் இருக்கும், உண்மை தெரியாது. படிப்படியாக இறங்குவது எடை திரும்பாமல் காக்கும் மந்திரம் அல்ல. எந்த அளவில் உங்கள் பசி திரும்புகிறது என்று அது காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். பசி திரும்பும் படிக்கு ஒரு படி மேலே நிற்பதுதான் உங்களுக்குத் தேவையான அளவு. அது 0.5 ஆகவும் இருக்கலாம், செலவு குறையும். முழுக்க நிறுத்த முடிகிறவர்களும் இருக்கிறார்கள். வாரம் ஒரு நாள், ஒரே கிழமை, காலையில் கழிவறை போய் வந்ததும் எடை பாருங்கள். உங்கள் கோடு 78.5 கிலோ. அதைத் தொட்டால் 'அடுத்த வாரம் சரியாகிவிடும்' என்று காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். இரண்டரை கிலோவில் திருப்புவது சுலபம், எட்டு கிலோவில் கஷ்டம். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் மாதம் ஒரு முறை டேப்பும் வையுங்கள். தெற்காசியப் பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. எச்பிஏ1சியும் பிரஷரும் அளவு மாறிய மூன்றாம் மாதம் மறுபடி.

கடைசியாகத் தங்கை மகளின் குப்பி. இங்கே இந்த மருந்து ஷெட்யூல் 4. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் பிடிபட்ட போலி செமக்ளூட்டைடைப் பற்றி எச்சரித்தது. மருந்து நிஜமாகவே இருந்தாலும் ஊசிக்குழலில் ஆபத்து இருக்கிறது. குப்பியில் 1 மில்லிக்கு 5 மில்லிகிராம் என்று இருக்கட்டும். ஆரம்ப அளவான 0.25 மில்லிகிராமுக்கு இன்சுலின் சிரிஞ்சில் 5 யூனிட் கோடுவரை இழுக்க வேண்டும். கண்ணாடி போடாமல் 50 கோடுவரை இழுத்தால் 2.5 மில்லிகிராம், பத்து மடங்கு. ஐந்து முதல் இருபது மடங்கு வரை இப்படி ஏற்றிக்கொண்டவர்களைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2024-இல் எச்சரித்திருக்கிறது. மருந்து பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆவதால் வாந்தி நாள்கணக்கில் நிற்காது. குப்பி ஏற்கெனவே வீட்டுக்கு வந்திருந்தால் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். பக்கத்து மருந்துக்கடையில் பார்மசிஸ்ட் கையில் கொடுங்கள். தங்கை மகளும் அதைப் போட்டுக்கொண்டிருந்தால், அவளையும் கூடவே கூட்டிப் போங்கள்.